செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் நான் சொன்ன பொய்

குழந்தையை அழ வைப்பது சினிமாவில் இருப்பதிலேயே சுலபமான வேலை. உதவி இயக்குநர்களாக இப்போதுதான் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வேறு யாராவது அதைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பொம்மையை வாங்கி ஒளித்து வைக்கலாம். அம்மா ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்லலாம். ஒரு நிமிடம் கூட ஆகாது. தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த படங்களில் குழந்தைகள் வரும் காட்சி என்றால் "அந்தம்மாவக் கூப்பிடு" என்பார்கள். யூனிட்டில் பெரும்பாலும் நான் ஒருத்திதான் பெண் என்பது ஒரு காரணம். எனக்கு அது கைவந்திருந்தது என்பது இன்னொரு காரணம். அடக்கமாகப் பேசி என்ன ஆகப்போகிறது, நான் அதில் கெட்டிக்காரி. கால்ஷீட் குழப்பம், மழை, கூட்டம், கோபித்துக்கொண்டு வேனில் உட்கார்ந்துவிட்ட கதாநாயகன், எதையும் சமாளிப்பேன். இணை இயக்குநராக நான் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் என்னால் ஒரு படப்பிடிப்பு நின்றதில்லை, ஒரே ஒரு முறையைத் தவிர. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் எடுத்த படம் அது. செங்கல்பட்டில் ஆறாம் வகுப்பு படிக்கும் இரண்டு பெண்களைப் பற்றிய கதை. ஒருத்தி மாற்றலாகி வந்த ரயில்வே அதிகாரியின் மகள். இன்னொருத்தி கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் மீன்காரியின் மகள். எந்த விதத்திலும் ஒட்டாத இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கப்படுகிறார்கள், ஒரு வருடம் சேர்ந்து வளர்கிறார்கள், பிரிகிறார்கள். அவ்வளவுதான் கதை. இயக்குநருக்கு அது இரண்டாவது படம். சத்தம் போட்டுப் பேசாத மனிதர். நடிகர்களுக்கு எதையும் நடித்துக் காட்ட மாட்டார், கேள்வி மட்டும் கேட்பார்.

அதிகாரியின் மகளாக நடிக்க நிவேதா கிடைத்தாள். அவளுடைய அப்பா அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், கடலோரத்து ஊழியர் குடியிருப்பில் வீடு. மீன்காரியின் மகளுக்குத்தான் அலைந்தோம். சென்னையிலிருந்து வந்த பெண்கள் எல்லாரும் குப்பத்துப் பேச்சைப் பேசிக் காட்டினார்கள், பேசவில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் படப்பிடிப்புக்கு அனுமதி கேட்கப் போனபோது, எங்கள் கூடவே நடந்து வந்த ஒரு பெண், "கேமராவுக்குக் கொட புடிக்கிறீங்க, அத தூக்கினு வர்ற ஆளுக்கு ஏன் புடிக்கல?" என்று கேட்டாள். இயக்குநர் நின்றுவிட்டார். அவள்தான் கஸ்தூரி. பதினொரு வயது. அம்மா தனம், கரையில் மீன் எடுத்து மாமல்லபுரத்துத் தெருக்களில் விற்பவள். அப்பா இல்லை.

முதல் மூன்று நாட்கள் இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. நிவேதா சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொள்வாள். கஸ்தூரி லைட் போடும் ஆட்களோடு உட்கார்ந்து கதையளப்பாள். நாலாவது நாள் கடற்கரைக் காட்சி. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த நிவேதாவுக்குக் கடலென்றால் பயம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கணுக்கால் தண்ணீருக்கு மேல் வரமாட்டேன் என்றாள். நான் சமாதானப்படுத்தப் போவதற்குள் கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அலய பாக்காத, என்ன பாரு. குதின்னா குதி" என்றாள். பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பிரித்து உட்கார வைப்பதுதான் எங்களுக்கு வேலையாகிவிட்டது.

கஸ்தூரிக்கு ஞாபக சக்தி அதிகம் என்று யூனிட்டில் எல்லாரும் சொல்வார்கள். வசனத் தாளை வாங்கிக்கொண்டு போவாள், சற்று நேரத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் பேசுவாள். ஒரு நாள் கொளவாய் ஏரிக்கரையில் படப்பிடிப்பு. உடை வேனுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். நிவேதா கஸ்தூரியின் வசனத்தைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி கேட்டுத் திருப்பிச் சொன்னாள். பிறகு, "எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராதுன்னு யாராண்டயும் சொல்லாத, இன்னா" என்றாள். "சொல்லவே மாட்டேன்" என்றாள் நிவேதா. நான் சத்தம் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் காதில் விழுந்தது விழுந்ததுதான்.

பிரிவுக் காட்சியை முன்னதாகவே எடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்குத் தெரியும், அனுமதி கிடைக்கும் நாளில்தான் படம் எடுக்க முடியும், கதை வரிசையில் எடுக்க முடியாது. செங்கல்பட்டு ஸ்டேஷனில் எங்களுக்கு ஒரே ஒரு நாள், அதுவும் மாலை நான்கு மணி வரைக்கும்தான். விழுப்புரம் பக்கம் போகும் பாசஞ்சர் வண்டிகள் நின்று கிளம்பும்போது எடுக்க வேண்டும். நிவேதா வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்காருவாள். வண்டி நகரும். பிளாட்பாரத்தில் நிற்கும் கஸ்தூரி அழவேண்டும். வண்டிக்கு ஒரு டேக். நிவேதாவைப் படாளம் ஸ்டேஷனில் இறக்கிக் காரில் திரும்ப அழைத்துவர ஆள் போட்டிருந்தோம்.

காலை வண்டியில் கஸ்தூரி சிரித்துவிட்டாள். நிவேதா இதோ ஒரு மணி நேரத்தில் திரும்பி வரப்போகிறாள், இதற்கு எப்படி அழுவது என்று அவளுக்குப் புரியவில்லை. மதிய வண்டியில் கண்ணீர் வரக் கண்ணில் கிளிசரின் போட்டோம். கண் எரிகிறது என்று புறங்கையால் தேய்த்துக்கொண்டே நின்றாள். மிச்சம் இருந்தது மூன்றரை மணி வண்டி. தயாரிப்பு நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிப்பதிவாளர், வெளிச்சம் போகிறது என்றார். இயக்குநர் என்னை ஒரு முறை பார்த்தார். வண்டி வந்து நின்றது. நிவேதா ஏறி உட்கார்ந்தாள். நான் கஸ்தூரியின் தோளில் கைபோட்டு அவளை டீக்கடைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

"கஸ்தூரி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"இன்னாக்கா?"

"உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நிவேதா எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. இப்பதான் கேமரா அண்ணன்கிட்ட சொல்லிச் சிரிச்சிட்டுப் போனா."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். உடனே கொண்டுபோய்க் குறியிட்ட இடத்தில் நிறுத்தினேன். வண்டி நகர்ந்தது. கஸ்தூரியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கையை முறுக்கிப் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். இயக்குநர் "ஓகே" என்றதும் பிளாட்பாரத்தில் நின்றிருந்த பயணிகள் கூடக் கைதட்டினார்கள். தயாரிப்பு நிர்வாகி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பொய் என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. ஆனால் நான்கு மணிக்குள் சாமான்களை வெளியே எடுக்க வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாம் முடித்துத் திரும்பிப் பார்த்தபோது தனம் வந்து மகளை பஸ்ஸுக்கு அழைத்துப் போய்விட்டிருந்தாள். படாளத்திலிருந்து நிவேதா வந்து, "கஸ்தூரி எங்க ஆன்ட்டி? ஏன் சொல்லாமப் போயிட்டா?" என்று கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் கஸ்தூரி வரவில்லை. காலையில் போன கார் வெறுமனே திரும்பியது. அன்றைக்கு எடுக்க வேண்டியது, இரண்டு பெண்களும் முதன்முதலாக ஒரே பெஞ்சில் உட்காரும் காட்சி. பிரிவை எடுத்துவிட்டோம். நட்பில் பெரும்பகுதி பாக்கி.

ஒரு புது பாவாடை சட்டை வாங்கிக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். இது இரண்டாவது தப்பு. தனம் மணலில் உட்கார்ந்து மீனைக் கூடையில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"இன்னாம்மா சொன்ன எம் பொண்ணாண்ட?"

"சும்மா நடிப்புக்காக..."

"அதுக்குப் படிக்க வராதுன்னு ஊரே சிரிச்சிதுன்னு அழுதுகினே வந்துச்சு. எனக்கே தெரியாதும்மா அது. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போவாதவ. அது புக்க மடில வெச்சிகினு கடகடன்னு சொல்லும். எம் பொண்ணு படிக்கிதுன்னு நெனச்சிகினு இருந்தேன். மனப்பாடமா சொல்லிகினு இருந்துக்கீது." சற்று நேரம் அவள் கை நின்றது. "நாலு வருசமா என்ன ஏமாத்திச்சேன்னு கோவம் இல்ல. என்னாண்ட சொல்ல வெக்கப்பட்டுகீது பாரு, அதான்."

கரையில் இழுத்துவைத்திருந்த படகுக்குப் பின்னாலிருந்து கஸ்தூரி வந்தாள்.

"நிவேதா யார்கிட்டயும் சொல்லலம்மா. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

"அவ சொல்லலன்னா உனக்கு எப்டி தெரியும்?"

"ஏரிக்கரைல நீங்க பேசினது என் காதுல விழுந்துச்சு."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நான் அழுவணும்னா ஒண்ணு சொல்லுவ. நான் வரணும்னா ஒண்ணு சொல்லுவ. எத நம்புறது?"

பதினொரு வயதுப் பெண். இருபது வருட அனுபவத்தில் என்னை அப்படி யாரும் மடக்கியதில்லை. எது சொன்னாலும் அவளை வேலைக்கு வரவழைக்கத்தான் சொல்வேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது உண்மையும்கூட.

நாங்கள் தங்கியிருந்த லாட்ஜுக்குத் திரும்பியதும் தயாரிப்பு நிர்வாகி ஒரு யோசனை சொன்னார். யூனிட் முழுக்கக் கூட்டி, எல்லார் முன்னாலும் நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எனக்கும் சுமை இறங்கியிருக்கும். ஆனால் எதற்காக மன்னிப்பு என்று எழுபது பேரும் கேட்பார்களே. கஸ்தூரிக்குப் படிக்க வராது என்று அதுவரைக்கும் யூனிட்டில் யாருக்கும் தெரியாது. நான் ஊரறிய மன்னிப்புக் கேட்டால், நான் சொன்ன பொய் அன்றைக்கு உண்மையாகிவிடும். முடியாது என்றேன். இந்த ஒரு முடிவை மட்டும் அந்த வாரத்தில் நான் சரியாக எடுத்தேன். தப்பு செய்துவிட்டு அதை ஒப்புக்கொள்ளும் வேகத்தில் இன்னொருவரைத் தெருவில் நிறுத்திவிடாதீர்கள். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களிடம் சொன்னால் போதும்.

அன்று மாலை நிவேதாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மாவை வைத்துக்கொண்டே, கஸ்தூரியின் ரகசியம் என்ன என்பதை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய அம்மா, "எம் பிள்ளைய கோள் சொல்லியா ஆக்கிட்டிய" என்றார், அவ்வளவுதான். நிவேதா அழவில்லை. "நான் சொன்னேன்னு அவ நம்பிட்டாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள். குப்பம் வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை.

கஸ்தூரி படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நிவேதா மணலில் நடந்து போய் அவள் எதிரே நின்றாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த முறை நான் காதில் விழாத தூரத்தில், ரோட்டோரம், கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சமயம் நிவேதா கையை வீசி வீசிப் பேசினாள். அப்புறம் அவளும் படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு சேர்ந்து என்னிடம் வந்தார்கள்.

"வரேன்" என்றாள் கஸ்தூரி. "ரெண்டு விசயம். இனிமே என்ன தனியா கூப்பிடக் கூடாது. இன்னா சொல்றதுன்னாலும் இவள வெச்சிகினு சொல்லு. அப்புறம் அந்த ரயில் ஸ்டேசன்ல எடுத்தது வோணாம். அது நான் நடிக்கல. அத யாருக்கும் காட்டாத."

முதல் நிபந்தனை என் கையில் இருந்தது. இரண்டாவது இயக்குநர் கையில். படத்திலேயே சிறந்த ஷாட் அதுதான் என்று யூனிட் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. ஸ்டேஷனுக்கு மறுபடி அனுமதி கிடைக்காது. என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கஸ்தூரிக்கு எது வெட்கமோ அதை மட்டும் விட்டுவிட்டு, அவள் தோழியைப் பற்றிப் பொய் சொல்லி அழ வைத்தேன் என்று சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவ ரயிலைப் பாக்கவே இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த ஷாட்ல அவ ஜன்னல் பக்கம் ஒரு தடவைகூட பாக்கல. தரையைப் பாத்து அழறா. ஃப்ரெண்டு போறாளேன்னு அழறவ அப்படியா அழுவா? அப்பவே எனக்கு உறுத்திச்சு. கண்ணீர் வந்துடுச்சேன்னு ஓகே சொல்லிட்டேன். என் தப்பும்தான்." பிறகு, "நீங்க எனக்குக் கண்ணீர் வாங்கிக் குடுத்தீங்க. எனக்கு வேண்டியது காட்சி. அடுத்த தடவை குழந்தை அழலேன்னா, அழலைன்னு எங்கிட்ட வந்து சொல்லுங்க. வேற யோசிக்கறதுதான் எனக்கு வேலை" என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இதை மறக்க முடியவில்லை.

மறுநாள் கஸ்தூரி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நிவேதா நிஜமாவே ஊரை விட்டுப் போனா நீ என்ன பண்ணுவ?"

கஸ்தூரி யோசித்தாள். "அவ முன்னாடி அழமாட்டேன் சார். அழுதா அதுவும் அழும். வூட்டுக்குப் போயி அழுவேன்."

"ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்புவியா?"

"மாட்டேன். ரயில்வே கேட்டாண்ட நின்னுகினு ரயிலு போறத பாப்பேன்."

அப்படியே எடுத்தோம். ஊருக்குத் தெற்கே ஒரு ரயில்வே கேட். மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிள்கள், மாட்டு வண்டி, ஒரு லாரி, நடுவில் புத்தகப் பையோடு கஸ்தூரி. ரோட்டில் நின்று எடுத்ததால் ரயில்வே அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பாசஞ்சர் வந்தது. அவள் கையாட்டினாள். முதல் பெட்டிக்கு ஆட்டினாள், இரண்டாவதுக்கு ஆட்டினாள், கடைசிப் பெட்டி போகும் வரைக்கும் ஆட்டினாள். கேட் திறந்து எல்லாரும் நகர்ந்த பிறகும் நின்றாள். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். ஏன் எல்லாப் பெட்டிக்கும் கையாட்டினாய் என்று இயக்குநர் கேட்டதற்கு, "அவ எந்தப் பொட்டில கீறான்னு எனக்குத் தெரியாதே சார்" என்றாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. படம் பெரிதாக ஓடவில்லை. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் பேசியது அந்தக் கேட்டைப் பற்றித்தான்.

படத்தொகுப்பின்போது ஸ்டேஷன் ஷாட்டைப் பார்த்துவிட்டு எடிட்டர் கெஞ்சிப் பார்த்தார். இயக்குநர் அசையவில்லை. அவர் அசைந்துவிடக் கூடாது என்று அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

மிச்சம் இருந்த நாட்களில் கஸ்தூரி சொன்னதையெல்லாம் செய்தாள், குறை சொல்ல முடியாதபடி செய்தாள். ஆனால் 'அக்கா' மறுபடி வரவில்லை, மற்றவர்களைப் போல 'மேடம்' என்றாள். நான் கூப்பிட்டால் நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். எனக்கு அது வலித்தது. அதைச் சரிசெய்ய நான் ஒன்றும் முயலவில்லை. அவள் கேட்டது அதுதான், அதைக் கொடுப்பதுதான் முறை. வசனத் தாளை அவர்கள் இரண்டு பேரும் இப்போது தனத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து படித்தார்கள். நிவேதா விரலை வைப்பாள், கஸ்தூரி எழுத்துக்கூட்டுவாள். அதில் நாங்கள் யாரும் தலையிடவில்லை.

அதற்குப் பிறகு நான் இன்னும் பல படங்களில் குழந்தைகளோடு வேலை செய்தேன். எந்தக் குழந்தையிடமும் பொய் சொன்னதில்லை. என்ன காட்சி, ஏன் அழ வேண்டும் என்று சொல்வேன். வரவில்லை என்றால் இயக்குநரிடம் போய், வராது, வேறு யோசியுங்கள் என்பேன். இரண்டு பேர் என்னிடம் கத்தினார்கள். ஒருவர் அடுத்த படத்துக்குக் கூப்பிடவில்லை. என் வேலைக்கு அதனால் ஒரு குறைவும் வந்துவிடவில்லை. உங்களுக்கும் வராது.

கஸ்தூரி இப்போது மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். நிவேதா வெளிநாட்டில். ஊருக்கு வந்தால் முதல் சாப்பாடு கஸ்தூரி வீட்டில்தான் என்று கேள்விப்பட்டேன். உங்களிடம் இதைப் பேசலாமா என்று கேட்க, போன வாரம் கஸ்தூரிக்குப் போன் செய்தேன். அந்தப் படம் முடிந்த இத்தனை வருடத்தில் நானாக அவளைக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"படம் பேரு சொல்லாதீங்க மேடம். எங்க ரெண்டு பேரு பேரயும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன்.

"நீ அன்னிக்கு அழுதத சொல்லலாமா?" என்று கேட்டேன்.

போனில் அவளுடைய கம்பெனி பஸ் கிளம்பும் இரைச்சல் கேட்டது.

"நான் அழுதத மட்டும் சொல்றதா இருந்தா வோணாம்" என்றாள். "நீங்க இன்னா சொன்னீங்கன்றதயும் சேத்து சொல்றதா இருந்தா, சொல்லுங்க."